பெண் பிள்ளைகளின் பெண்நோய்கள்: குழந்தைப் பருவம் முதல் பதின்ம வயது வரை

“மகளுக்கு அங்கே கடிக்குது.” வைத்தியரின் அறையில் எங்கள் தாய்மாரில் பலர் இதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்வதில்லை. வைத்தியர் ஆணாக இருந்துவிட்டால் அந்த ஒரு வரியும் வராது. “வயிற்றுக்குத்து” என்று சொல்லி, வயிற்றுக்குத்துக்கான மருந்தோடு வீடு திரும்புவார்கள். தாய்க்கு ஆங்கிலமோ பிரெஞ்சோ ஜேர்மனோ சரளமாக வராத வீடுகளில் நிலைமை இன்னும் சங்கடமானது. நோயாளியாகிய பன்னிரண்டு வயதுப் பிள்ளையே தன் இரத்தப்போக்கைப் பற்றித் தாய் சொல்வதை வைத்தியருக்கு மொழிபெயர்க்க வேண்டி வருகிறது. பிள்ளை பாதியை விழுங்கிவிடும். பிரித்தானியாவில் வைத்தியசாலையும் குடும்ப வைத்தியரின் நிலையமும் கட்டணமின்றி மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்து தரும். சந்திப்பைப் பதியும்போதே பெண் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம்.

பெண்நோய் என்றால் கலியாணம் முடித்தவர்களுக்கு வருவது என்ற எண்ணம் எங்களிடம் ஆழமாக இருக்கிறது. பிறந்த குழந்தையிலிருந்தே பெண் உறுப்புகளுக்கென்று சில சிக்கல்கள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை சிறியவை, தாமே தீர்பவை. சில நாட்கணக்கில் அல்ல, மணிக்கணக்கில் கவனிக்கப்பட வேண்டியவை. எது எந்த வகை என்று தெரிந்துகொள்ள இந்தக் கட்டுரை உதவும். உங்கள் பிள்ளையை நேரில் பார்க்கும் வைத்தியரின் கருத்துக்கு இது மாற்று அல்ல.

பிறந்த முதல் நாட்கள்

பெண் குழந்தை பிறந்து சில நாட்களில் அதன் நாப்பியில் வெள்ளைநிறச் சளி போன்ற கசிவோ, ஓரிரு துளி இரத்தமோ காணப்படலாம். தாயின் ஈஸ்ட்ரோஜன் ஹோர்மோன் கருவில் குழந்தைக்கும் கிடைத்திருந்தது. பிறந்ததும் அது நின்றுவிடுகிறது. அதனால் குழந்தையின் கருப்பையின் உட்சவ்வு சிறிது உதிர்கிறது. முதல் ஒன்றிரண்டு வாரத்துக்குள் இது நின்றுவிடும், மருந்து தேவையில்லை. இதே காரணத்தால் குழந்தையின் மார்பு சற்று வீங்கி, சில வேளை பால் போன்ற துளியும் வரும். அதைப் பிதுக்கி எடுக்க வேண்டும் என்று சொல்லும் பாட்டிமார் இன்றும் இருக்கிறார்கள். பிதுக்கக் கூடாது. பிதுக்கினால் கிருமி தொற்றிச் சீழ்க்கட்டி உண்டாகும். பிறந்த பருவத்தைத் தாண்டி, பூப்படையும் வயதுக்கு முன்னர் எப்போது இரத்தம் கசிந்தாலும் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

சிறுமிகளில் அரிப்பும் எரிவும்

பூப்படையாத சிறுமிகளைப் பெண்நோய் வைத்தியரிடம் கொண்டு செல்லும் காரணங்களில் முதலிடம் பிறப்புறுப்பு அழற்சிக்கு. சிவத்தல், கடி, சிறுநீர் கழிக்கும்போது எரிவு, உள்ளாடையில் மஞ்சள் அல்லது பச்சை நிறக் கறை ஆகியவை இதன் அறிகுறிகள். மலசலகூடத்துக்குத் தனியே போகத் தொடங்கும் வயதில்தான் இது அதிகம்.

சிறுமிகளின் உடல் அமைப்பே இதற்கு இடம் கொடுக்கிறது. ஈஸ்ட்ரோஜன் இல்லாத வயதில் அங்குள்ள தோலும் சவ்வும் மிக மெல்லியவை. வளர்ந்த பெண்களில் கிருமியைத் தடுக்கும் அமிலத்தன்மை இன்னும் வந்திருக்காது. வெளி இதழ்கள் சிறியவை, மலவாசல் மிக அருகில். போதாததற்கு இறுக்கமான லெகிங்ஸ், நுரை வரும் குளியல் திரவம், நீச்சல் முடிந்து மணிக்கணக்கில் ஈர உடையோடு இருப்பது. எங்கள் வீடுகளில் இன்னொன்றும் உண்டு: பிள்ளை கழுவும் தண்ணீரில் கிருமிநாசினித் திரவம் கலப்பது. கிருமி போகட்டும் என்ற நல்ல எண்ணத்தில் செய்தாலும் அந்த மெல்லிய தோலை அது சுட்டுவிடும்.

பெரும்பாலும் மருந்தில்லாமலே மாறும். முன்னிருந்து பின்னாகத் துடைக்கப் பழக்குங்கள். சவர்க்காரம் வேண்டாம், வெதுவெதுப்பான வெறும் தண்ணீர் போதும். பருத்தி உள்ளாடை, இரவில் உள்ளாடையே இல்லாமல் தளர்ந்த கவுண். சிறுநீர் கழிக்கும்போது முழங்கால்களை நன்றாக விரித்து இருக்கச் சொல்லுங்கள். கால்களை ஒடுக்கிக்கொண்டு இருந்தால் சிறுநீரில் கொஞ்சம் உள்ளே தேங்கி, பிறகு கசிந்து தோலை அரிக்கும். சிறிய பிள்ளையை மலசலகூட இருக்கையில் சுவரைப் பார்த்தபடி மறுபக்கமாக இருத்தினால் கால் தானாகவே விரியும்.

இரவில் மட்டும் கடி அதிகமென்றால் கீரிப்பூச்சியை நினையுங்கள். பெண் பூச்சிகள் இரவில் மலவாசலுக்கு வந்து முட்டையிடும். அங்கிருந்து முன்பக்கத்துக்கும் பரவும். அப்படியானால் பிள்ளைக்கு மட்டுமல்ல, வீட்டிலுள்ள எல்லோருக்கும் மருந்து எடுக்க வேண்டும். ஒரே நாற்றத்தோடும் இரத்தக் கறையோடும் கசிவு தொடர்ந்தால் உள்ளே ஏதாவது சிக்கியிருக்கலாம். பெரும்பாலும் அது மலசலகூடக் கடதாசியின் ஒரு துண்டுதான். தொண்டை நோவுக்குப் பின் திடீரென்று கடும் சிவப்பாக மாறினால் ஸ்ட்ரெப்டோகோக்கஸ் கிருமி காரணமாக இருக்கலாம், அதற்கு அன்ரிபயோற்றிக் வேண்டும்.

கடைகளில் கிடைக்கும் பூஞ்சைக் களிம்பைப் பற்றி ஒரு வார்த்தை. பெரியவர்களுக்கு வரும் கன்டிடா பூஞ்சைத் தொற்று, நாப்பியை விட்ட ஆனால் பூப்படையாத ஆரோக்கியமான பிள்ளைகளுக்கு அரிதாகவே வரும். தாய்க்குக் கொடுத்த களிம்பை மகளுக்குப் பூசிப் பார்ப்பதில் பயன் இல்லை.

ஒட்டிய இதழ்களும் வெள்ளைத் தழும்பும்

மூன்று மாதம் முதல் மூன்று வயது வரையான குழந்தைகளில் பிறப்புறுப்பின் உள் இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதுண்டு. நாப்பி மாற்றும்போது துவாரமே இல்லாததுபோல் தெரிய, தாய் பதறிப்போவார். இது பிறவிக் குறைபாடு அல்ல. அழற்சிக்குப் பின் மெல்லிய தோல் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். சிறுநீர் தடையின்றிப் போனால் ஒன்றும் செய்யத் தேவையில்லை. பூப்படையும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் சுரக்கும்போது தானே பிரியும். விரலால் இழுத்துப் பிரிக்கவே கூடாது. வலிக்கும், புண்ணாகி இன்னும் இறுக்கமாக ஒட்டும். சிறுநீர் தடைப்பட்டாலோ அடிக்கடி தொற்று வந்தாலோ வைத்தியர் ஈஸ்ட்ரோஜன் களிம்பு தருவார்.

லைக்கன் ஸ்கிளிரோசஸ் என்ற தோல் நோய் வேறு வகை. பிறப்புறுப்பையும் மலவாசலையும் சுற்றித் தோல் வெளிறி, கடதாசிபோல் மெலிந்து, எட்டு என்ற இலக்கத்தின் வடிவில் காணப்படும். கடுமையான கடி, சிறு வெடிப்புகள், இரத்தப் புள்ளிகள் வரும். மலம் கழிக்க வலிப்பதால் பிள்ளை அடக்கிக்கொள்ளும், மலச்சிக்கல் தொடங்கும். மாதக்கணக்கில் மலச்சிக்கல் மருந்து மட்டும் கொடுத்து, யாரும் உடையைக் கழற்றிப் பார்க்காமல் விடப்பட்ட பிள்ளைகள் உண்டு. வலுவான ஸ்ரெரொயிட் களிம்பை வைத்தியர் சொன்ன முறையில் பூசினால் நன்றாகக் கட்டுப்படும். ஸ்ரெரொயிட் என்ற பெயருக்குப் பயந்து பாதியில் நிறுத்துவதால்தான் தழும்பு நிரந்தரமாகிறது. பூப்படைந்த பிறகும் தொடரக்கூடும் என்பதால் தொடர்ந்து காட்ட வேண்டும்.

இந்த நோயின் இரத்தப் புள்ளிகளைப் பார்த்துப் பாலியல் துன்புறுத்தல் என்று தவறாகச் சந்தேகித்த சம்பவங்கள் மருத்துவத்தில் நன்கு அறியப்பட்டவை. அதற்காக மறுபக்கத்தையும் மறந்துவிட முடியாது. திரும்பத் திரும்ப வரும் தொற்று, காரணம் சொல்ல முடியாத காயம், ஒரு குறிப்பிட்ட உறவினர் வீட்டுக்குப் போக மறுப்பது, படுக்கையை மீண்டும் நனைக்கத் தொடங்குவது ஆகியவை சேர்ந்து வந்தால் வைத்தியரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். பிள்ளை ஏதாவது சொன்னால் குறுக்கு விசாரணை செய்யாதீர்கள், சொன்னதை நம்புங்கள். குடும்ப மானம் என்று மூடிவிட்டால் அந்தப் பிள்ளைக்கு வேறு யாரும் இல்லை. பிரித்தானியாவில் பிள்ளைகளே அழைக்கக்கூடிய சைல்ட்லைன் இலக்கம் 0800 1111.

பரிசோதனை பற்றிய பயம்

“உள்ளே கருவி விட்டுப் பார்ப்பார்களோ? பிள்ளையின் கன்னித்தன்மை என்னாவது?” இந்தப் பயத்தால்தான் பல தாய்மார் போகாமல் விடுகிறார்கள். சிறுமிகளுக்கு அப்படியான கருவிப் பரிசோதனை வழக்கமாகச் செய்யப்படுவதில்லை. சிறு பிள்ளையைத் தாயின் மடியில் வைத்தே, தவளைபோல் கால்களை விரித்து, வெளியே மட்டும் பார்ப்பார்கள். பதின்ம வயதினருக்கு ஸ்கான் செய்வதும் வயிற்றின் மேலாகத்தான். சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தால் கருப்பையும் சூலகங்களும் நன்றாகத் தெரியும், அதனால்தான் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொல்கிறார்கள். மயக்கம் கொடுத்து உள்ளே பார்க்க வேண்டிய அரிதான நிலைகளில் காரணத்தை முன்கூட்டியே விளக்குவார்கள். பெண் வைத்தியர் வேண்டுமென்று கேட்பதில் தவறில்லை. தாதி ஒருவர் கூட நிற்பதும் பிள்ளையின் உரிமை.

முந்தி வருவதும் பிந்தி வருவதும்

பெண் பிள்ளைகளில் பருவமடைதலின் முதல் அடையாளம் பெரும்பாலும் மார்பு அரும்புவது. இது 8 வயதுக்கும் 13 வயதுக்கும் இடையில் தொடங்கினால் இயல்பு. அதன்பின் இரண்டு, இரண்டரை ஆண்டுகளில் முதல் மாதவிடாய் வரும். சராசரியாக அது 12க்கும் 13க்கும் இடைப்பட்ட வயது. முதல் மாதவிடாய்க்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம் முன்னரே வெள்ளைபடத் தொடங்கும். நாற்றமோ கடியோ இல்லாத தெளிந்த அல்லது வெண்மையான கசிவு நோயல்ல. வெள்ளைபட்டால் எலும்பு உருகும், உடம்பு உக்கிப்போகும் என்று ஊரில் சொல்லிக் கேட்டிருப்போம். அதைக் கேட்டு வளரும் பிள்ளை தனக்கு ஏதோ பெரிய வியாதி என்று தனியே பயந்துகொண்டிருக்கும்.

8 வயதுக்கு முன் மார்பு அரும்பினால் வைத்தியரிடம் காட்ட வேண்டும். சில பிள்ளைகளில் அது மார்பளவில் நின்றுவிடும், ஆபத்தில்லை. வேகமாக வளர்ந்தால் எலும்பும் விரைவில் முதிர்ந்து, வளர்ச்சி முன்னதாகவே நின்று, இறுதி உயரம் குறையும். ஆறு வயதில் தொடங்கினால் மூளையில் காரணம் உண்டா என்றும் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் பருவமடைதலை நிறுத்திவைக்கும் ஊசி உண்டு.

பிந்துவதைப் பற்றி எங்கள் ஆட்களுக்குக் கவலை வேறு விதம். “உங்கட மகள் இன்னும் பெரியபிள்ளை ஆகேல்லையோ?” என்று கேட்பவர்களுக்கு விடை சொல்லவே தாய்க்குச் சங்கடம். எண்கள் இவை: 13 வயதாகியும் மார்பு அரும்பாவிட்டால், அல்லது வளர்ச்சி எல்லாம் இயல்பாக இருந்தும் 15 வயதாகியும் மாதவிடாய் வராவிட்டால் பரிசோதிக்க வேண்டும். அதுவரை பொறுத்திருக்கலாம்.

பிந்துவதற்குக் காரணம் பல. குடும்பத்தில் எல்லோரும் பிந்தியே பூப்படைந்திருக்கலாம். பிள்ளை மிகக் கட்டையாகவும் இருந்தால் டேர்னர் நிலை என்ற நிறமூர்த்த மாற்றத்தை நினைப்பார்கள். இது பிறக்கும் பெண் குழந்தைகளில் ஏறத்தாழ 2500க்கு ஒருவருக்கு உண்டு. கருப்பையே உருவாகாமல் பிறப்பது ஏறத்தாழ 5000க்கு ஒருவருக்கு. சூலகம் இயங்குவதால் இவர்களின் உடல் வளர்ச்சி சாதாரணமாக இருக்கும், மாதவிடாய் மட்டும் வராது. இந்தச் செய்தியைக் கேட்கும் பதினாறு வயதுப் பிள்ளைக்கு மருத்துவத்தை விட முதலில் தேவைப்படுவது உளவள ஆலோசனை. தாய் தகப்பனுக்கும்தான்.

தவறவிடக் கூடாத ஒன்று கன்னிச்சவ்வில் துவாரம் இல்லாமை. பிள்ளை வளர்ந்திருப்பாள், மாதவிடாய் வந்திருக்காது. ஆனால் மாதத்துக்கு ஒருமுறை அடிவயிறு வலிக்கும். வெளியேற வழியில்லாத இரத்தம் உள்ளே தேங்கி, வயிற்றில் கட்டிபோல் தட்டுப்படும், சிலருக்குச் சிறுநீரே அடைத்துவிடும். சவ்வைத் திறக்கும் சிறிய சத்திரசிகிச்சையோடு தீர்ந்துவிடும். இங்கேயும் கன்னித்தன்மையைக் காரணம் காட்டித் தள்ளிப்போடுபவர்கள் உண்டு. தேங்கிய இரத்தம் பின்னோக்கிப் போய்க் கருப்பைக்கும் குழாய்களுக்கும் கேடு செய்யும்.

அதிக இரத்தப்போக்கு

முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் மாதவிடாய் கடிகாரம் போல் வராது. மூளைக்கும் சூலகத்துக்கும் இடையிலான ஒழுங்கு இன்னும் முதிரவில்லை. 21 நாளுக்கொருமுறை வந்தாலும் 45 நாளுக்கொருமுறை வந்தாலும் இந்த வயதில் இயல்பே. ஏழு நாள் வரை போகலாம்.

எது அதிகம்? ஒவ்வொரு ஒன்று, இரண்டு மணித்தியாலத்துக்கும் பாட் மாற்ற வேண்டியிருப்பது. ஏழு நாளுக்கு மேல் போவது. பத்துப் பென்ஸ் நாணயத்தை விடப் பெரிய கட்டிகளாக விழுவது. இரவில் படுக்கை நனைவது. பாடசாலைக்குப் போகவே பயப்படுவது. “எனக்கும் அப்படித்தான் போனது, கலியாணம் கட்டினால் சரியாகும்” என்று தாய் சொல்லலாம். தாய்க்கும் அப்படிப் போயிருந்தால் அதுவே விசாரிக்க வேண்டிய காரணம்.

பின்லாந்தின் ஓலாந்துத் தீவுகளில் ஒரு குடும்பத்தில் பலருக்கு இரத்தம் நிற்காமல் போகும் நோய் இருந்தது. அந்தக் குடும்பத்தின் ஐந்து வயதுச் சிறுமியை 1924இல் எரிக் ஃபொன் வில்லபிராண்ட் என்ற வைத்தியர் பரிசோதித்தார். 1926இல் அந்த நோயைப் பற்றி எழுதினார், இன்று அது அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. அந்தச் சிறுமி பதின்மூன்று வயதில், தன் நான்காவது மாதவிடாயின்போது இரத்தப்போக்கு நிற்காமல் இறந்தாள். இரத்தம் உறையும் தன்மையில் பரம்பரையாக வரும் குறைகளில் மிகப் பரவலானது இந்த நோய்தான். பலரில் இது மிக மெல்லியதாக இருக்கும். பெண் பிள்ளையில் அதன் முதல் அடையாளம் பூப்படைந்த நாளிலிருந்தே அதிகமாகப் போவதுதான். அடிக்கடி மூக்கால் இரத்தம் வருதல், பல் பிடுங்கியபின் நிற்காமல் கசிதல், இலேசாக இடிபட்டாலும் கண்டல் ஆகியவையும் இருந்தால் வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாம். இப்படியான பிள்ளைகளுக்கு வைத்தியரைக் கேளாமல் இபுபுறோஃபன் கொடுக்கக் கூடாது. அஸ்பிரின் எந்த நோவுக்கும் 16 வயதுக்குட்பட்டவர்களுக்கு, வைத்தியர் சொன்னாலன்றி, கொடுப்பதில்லை.

அதிகமாகப் போனால் அடுத்து வருவது குருதிச்சோகை. பிள்ளை களைத்து, முகம் வெளிறி, படிப்பில் கவனமில்லாமல் இருக்கும். “போனையே பார்த்துக்கொண்டிருந்தால் இப்படித்தான்” என்று திட்டுவோம். ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் இரும்புச் சேமிப்பு வற்றியிருக்கலாம் என்பதால் ஃபெரிற்றின் பரிசோதனையையும் கேளுங்கள். இரும்பு மாத்திரையைத் தேத்தண்ணியோடு கொடுக்க வேண்டாம், தேயிலை இரும்பை உடம்பில் சேரவிடாது. சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் இடையில் ஒரு மணித்தியாலமாவது விடுவது நல்லது. சைவ உணவு மட்டும் உண்ணும் வீடுகளில் இது இன்னும் முக்கியம். பருப்பு, கீரையோடு தேசிக்காய்ப் புளி சேர்த்தால் இரும்பு கூடுதலாகச் சேரும்.

சிகிச்சைக்கு ட்ரனெக்சாமிக் அமிலம் என்ற மாத்திரை உண்டு, இரத்தம் போகும் நாட்களில் மட்டும் எடுப்பது. அது போதாவிட்டால் ஹோர்மோன் மாத்திரை. இங்கேதான் எங்கள் பெற்றோர் எழுந்து நிற்பார்கள். “கருத்தடை மாத்திரையா? என் பிள்ளைக்கா?” பெயர் அப்படியே தவிர, இங்கே அது இரத்தப்போக்குக்கான மருந்து. பின்னாளில் பிள்ளைப்பேறு இல்லாமல் போகும் என்ற பயத்துக்கு அடிப்படை இல்லை, நிறுத்தினால் சூலகம் வழமைக்குத் திரும்பும். கண்ணில் மின்னலோடு வரும் ஒற்றைத் தலைவலி இருந்தாலோ, குடும்பத்தில் யாருக்காவது இரத்தக்கட்டி அடைத்திருந்தாலோ அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும், அவர்களுக்கு வேறு வகை தேர்ந்தெடுப்பார்கள்.

கோயில் திருவிழாவுக்கோ கலியாண வீட்டுக்கோ மாதவிடாயைத் தள்ளிப்போட, உறவினரிடம் மாத்திரை வாங்கிப் பிள்ளைக்குக் கொடுக்கும் பழக்கமும் உண்டு. வைத்தியரிடம் கேட்டே அதைச் செய்யலாம். அவருக்கு அது புதிய கேள்வி அல்ல.

மாதவிடாய் வலி

முதல் மாதவிடாய்க்குப் பின் சில மாதங்கள் வலியில்லாமல் இருந்து, முட்டை வெளியேறுவது ஒழுங்காகும்போது வலி தொடங்குவதே வழக்கம். கருப்பையின் உட்சவ்வில் சுரக்கும் புரொஸ்ரகிளான்டின் என்ற பொருள் தசையை இறுக்குகிறது. இபுபுறோஃபன் போன்ற மருந்துகள் அந்தச் சுரப்பையே குறைக்கின்றன. ஆகவே வலி உச்சத்துக்கு வந்தபின் ஒன்று போடுவதைவிட, வலி தொடங்கும் அறிகுறி தெரிந்தவுடன் சாப்பாட்டோடு எடுத்து, பெட்டியில் உள்ள அளவுப்படி ஓரிரு நாள் ஒழுங்காகத் தொடர்வதுதான் பயன் தரும். ஆஸ்துமாவோ வயிற்றுப் புண்ணோ இருந்தால் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். சுடுதண்ணீர்ப் பையும் நடையும் உண்மையிலேயே உதவும். உளுத்தம்களியும் நல்லெண்ணெயும் உடம்புக்கு நல்ல சாப்பாடுதான், வலிக்கு அவை மருந்தல்ல.

ஒவ்வொரு மாதமும் பாடசாலையைத் தவறவிடும் அளவு வலி இயல்பானதல்ல. மாத்திரையும் ஹோர்மோனும் சில மாதம் எடுத்தும் அடங்காவிட்டால், மாதவிடாய் இல்லாத நாட்களிலும் வலித்தால், மலம் கழிக்கும்போது வலித்தால் எண்டோமெற்றியோசிஸ் இருக்கலாம். கருப்பையின் உட்சவ்வு போன்ற திசு வெளியே வளரும் நோய் அது. பிரித்தானிய நாடாளுமன்ற உறுப்பினர் குழுவொன்று 2020இல் வெளியிட்ட அறிக்கையின்படி இந்த நோயைக் கண்டறிய சராசரியாக 8 ஆண்டுகள் ஆகின. அந்த எட்டு ஆண்டுகளில் ஒரு பகுதி வைத்தியர்களின் கணக்கு, இன்னொரு பகுதி “பொம்பிளைப் பிள்ளை என்றால் பொறுக்கத்தான் வேணும்” என்ற வீட்டுப் பேச்சின் கணக்கு. ஸ்கானில் ஒன்றும் தெரியவில்லை என்பது நோய் இல்லை என்பதற்குச் சான்றல்ல. முதல் மாதவிடாயிலிருந்தே கடும் வலி என்றால் கருப்பை அமைப்பில் எங்காவது அடைப்பு உண்டா என்றும் பார்க்க வேண்டும்.

பி.சி.ஓ.எஸ்

இந்தச் சொல் இப்போது எங்கள் வீடுகளில் சளி, காய்ச்சல் போல் புழங்குகிறது. பொலிசிஸ்ரிக் ஓவரி சின்ட்ரோம் என்ற பெயரே தவறான பயத்தைத் தருகிறது. சூலகத்தில் இருப்பவை கட்டிகள் அல்ல, பாதியில் வளர்ச்சி நின்ற முட்டைப் பைகள். பெண்களில் பத்துக்கு ஒருவர் அளவில் இது காணப்படுகிறது. தெற்காசியப் பெண்களில் இன்சுலின் செயல்திறன் குறைவும் முகத்தில் முடி வளர்வதும் கூடுதல்.

பதின்ம வயதில் அவசரப்பட்டு இந்தப் பெயரைச் சூட்டக் கூடாது. ஊருக்கு விடுமுறையில் போனபோது தனியார் நிலையமொன்றில் ஸ்கான் செய்து, “இரண்டு சூலகத்திலும் கட்டி” என்ற தாளோடு திரும்பி வரும் பிள்ளைகள் பலர். இளம் வயதுச் சூலகத்தில் நிறைய முட்டைப் பைகள் தெரிவது இயல்பு. அதனால்தான் 2018இல் வெளியாகி 2023இல் புதுப்பிக்கப்பட்ட சர்வதேச வழிகாட்டல், பதின்ம வயதினரில் ஸ்கானை வைத்து இதைத் தீர்மானிக்க வேண்டாம் என்கிறது. இரண்டும் சேர்ந்து இருக்க வேண்டும்: ஒழுங்கற்ற மாதவிடாய், ஆண் ஹோர்மோன் மிகுதி. ஆண் ஹோர்மோன் மிகுந்திருப்பதைக் கடுமையான பருக்கள், நாடியிலும் நெஞ்சிலும் முடி, அல்லது இரத்தப் பரிசோதனை காட்டும். ஒன்று மட்டும் இருந்தால் பெயர் சூட்டாமல் கவனித்து வந்து, சில ஆண்டுகளின் பின் மீண்டும் பார்ப்பார்கள்.

மாதவிடாய் தொடங்கி முதல் ஆண்டில் ஒழுங்கின்மை பொருட்டல்ல. ஒன்று முதல் மூன்று ஆண்டு வரை 45 நாளுக்கு மேல் தள்ளிப்போவதும், மூன்று ஆண்டுக்குப் பின் 35 நாளுக்கு மேல் தள்ளிப்போவதும் கணக்கில் வரும். முதல் ஆண்டுக்குப் பின் எப்போதாவது 90 நாள் வராமல் இருந்தால் வைத்தியரிடம் செல்லுங்கள். தைரோயிட், புரோலக்ரின் ஆகியவற்றையும் பார்ப்பார்கள். கர்ப்பப் பரிசோதனையும் செய்வார்கள். அது எல்லோருக்கும் செய்யும் வழமை, உங்கள் பிள்ளையின் நடத்தையைப் பற்றிய தீர்ப்பு அல்ல. சோதனைக் காலத்தில் சாப்பிடாமல் மெலிந்த பிள்ளைக்கும், அளவுக்கு மீறிப் பயிற்சி செய்யும் பிள்ளைக்கும் மாதவிடாய் நிற்கும். அது வேறு கதை. அங்கே ஈஸ்ட்ரோஜன் குறைந்து எலும்பு பலமிழக்கும்.

கழுத்தின் பின்புறமும் கமக்கட்டும் கறுத்துத் தடித்திருந்தால் அது அழுக்கல்ல. எவ்வளவு தேய்த்தாலும் போகாது, இன்சுலின் கூடியிருப்பதன் அடையாளம் அது. உடல் எடையில் சிறு குறைவே மாதவிடாயை ஒழுங்காக்கப் பலருக்குப் போதும். எல்லோரும் வெள்ளைச் சோற்றைக் குவித்துவிட்டு மகளுக்கு மட்டும் சலாட் வைத்தால் அவள் தோற்றுவிடுவாள், வீட்டுச் சாப்பாடே மாற வேண்டும். “குண்டாக இருக்கிறாய், யார் கட்டுவான்?” என்ற பேச்சால் எந்தப் பிள்ளையும் மெலிந்ததில்லை. மறைவில் சாப்பிடப் பழகியவர்கள் உண்டு. பி.சி.ஓ.எஸ் உள்ள பெண்களில் பெரும்பாலோர், சிலர் மருந்துதவியோடு, தாயாகிறார்கள். இதைப் பிள்ளைக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

மணிக்கணக்கில் முடிவு செய்ய வேண்டியது

திடீரென்று அடிவயிற்றின் ஒரு பக்கத்தில் கடும் வலி, கூடவே சத்தி. வலி விட்டுவிட்டு வரலாம். இது சூலகம் தன் காம்பில் முறுக்கிக்கொண்டதாக இருக்கலாம். பூப்படையாத சிறுமிக்கும் வரும். இரத்த ஓட்டம் தடைப்படுவதால் நேரம் போகப்போகச் சூலகம் சாகும். வலப்பக்கத்தில் வந்தால் குடல்வால் அழற்சி என்று நினைப்பார்கள், வாய்வுக் கோளாறு என்று நாங்கள் ஓமத்தண்ணி கொடுப்போம். கொடுக்காதீர்கள், நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். சத்திரசிகிச்சைக்கு வயிறு வெறுமையாக இருப்பதும் நல்லது. முறுக்கை அவிழ்த்துவிட்டால் கறுத்துப்போன சூலகமும் பல வேளைகளில் மீண்டு விடும் என்பதால் இப்போது வெட்டி எடுப்பதைத் தவிர்க்கிறார்கள்.

ஸ்கானில் தற்செயலாகத் தெரியும் சிறிய நீர்க்கட்டிகள் வேறு. முட்டை வெளியேறும் சுழற்சியில் உண்டாகும் அவை பெரும்பாலும் சில வாரங்களில் மறைந்துவிடும், மீண்டும் ஒரு ஸ்கான் போதும்.

சைக்கிள் கம்பியிலோ விளையாட்டு மைதானச் சட்டத்திலோ கால் விரித்து விழுந்து காயப்பட்டால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, துணியில் சுற்றிய ஐஸ் வையுங்கள். இரத்தம் நிற்காவிட்டாலும், சிறுநீர் போகாவிட்டாலும், கூர்மையான பொருள் குத்தியிருந்தாலும் வைத்தியசாலை. ஒரு மணித்தியாலத்தில் இரண்டு பாட் நனையும் அளவு இரத்தப்போக்கு, மயக்கம், மூச்சு வாங்குதல் ஆகியவையும் அவசரமே.

தடுப்பூசிக் கடிதம்

பிரித்தானியாவில் 12, 13 வயதில் பாடசாலையிலிருந்து வரும் எச்.பி.வி தடுப்பூசிச் சம்மதக் கடிதத்தைப் பைக்குள்ளேயே விட்டுவிடாதீர்கள். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குக் காரணமான வைரசுக்கு எதிரான ஊசி இது. இங்கு 2008 முதல் பெண் பிள்ளைகளுக்கும், 2019 முதல் ஆண் பிள்ளைகளுக்கும் வழங்கப்படுகிறது. 2023 செப்டம்பரிலிருந்து ஒரே ஊசி போதும். அந்த வயதில் போட்டுக்கொண்ட பெண்களில் இந்தப் புற்றுநோய் 87 வீதம் குறைந்திருப்பதாக இங்கிலாந்தில் நடந்து 2021இல் வெளியான ஆய்வு காட்டியது. இலங்கையிலும் 2017 முதல் பாடசாலைகளில் போடுகிறார்கள். வைரஸ் தொற்றுவதற்கு முன் போட்டால்தான் முழுப் பயன் என்பதால்தான் இவ்வளவு இளம் வயது. இதில் ஒழுக்கப் பிரச்சினை எதுவும் இல்லை.

வைத்தியரிடம் போகும்போது

கடைசி மூன்று மாதவிடாய்களின் திகதி, எத்தனை நாள் போனது, அதிகமாகப் போன நாளில் எத்தனை பாட், என்ன மாத்திரை எத்தனை மணிக்கு எடுத்தாள், பாடசாலை எத்தனை நாள் தவறியது ஆகியவற்றை மகளையே ஒரு தாளில் அல்லது தொலைபேசியில் குறிக்கச் சொல்லுங்கள். “நிறையப் போகுது” என்பதைவிட அந்தத் தாள் வைத்தியருக்கு அதிகம் சொல்லும். தாய், சித்தி, பெரியம்மா யாருக்காவது இரத்தப்போக்கு, எண்டோமெற்றியோசிஸ், சலரோகம் இருந்ததா என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

சந்திப்பின் நடுவில் வைத்தியர் உங்களைச் சிறிது நேரம் வெளியே இருக்கச் சொல்லலாம். பதின்ம வயதினரோடு தனியே பேசுவது இங்கே வழமை. 16 வயதுக்குக் குறைந்தவரானாலும், விளங்கிக்கொள்ளும் முதிர்ச்சி இருந்தால் தன் சிகிச்சைக்குத் தானே சம்மதம் தரலாம் என்று 1985இல் பிரித்தானியப் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. பிள்ளைக்கு ஆபத்து இருப்பதாகத் தெரிந்தாலன்றி அங்கே பேசியது வெளியே வராது. கார் வந்து சேரும்வரை “என்ன கேட்டவர், என்ன சொன்னனீ?” என்று துருவாமல் விட்டால், இரண்டு நாள் கழித்துக் குசினிக்குள் வந்து அவளே சொல்லக்கூடும்.